வெளிநாட்டில் வசிக்கும்போது வங்கிகளாலும் ஏடிஎம்களாலும் நீங்கள் பட்ட தொல்லைகள் என்ன? எப்படிச் சமாளித்தீர்கள்?

தொல்லைகள் பலவகை. அவற்றில் என்னை நிலைகுலைய வைத்தது ஒன்று: கணக்கில் பணம் கழிந்துவிட்டது, கைக்கு வரவில்லை, கேட்டால் யாரும் பொறுப்பேற்கவில்லை. அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன். அயல்நாட்டில் இது நேரும்போது என்ன செய்வதென்று சொல்ல அருகில் யாரும் இருப்பதில்லை.

சொந்த நாட்டு வங்கி கொடுத்த டெபிட் கார்டைச் செருகி, பின் எண்ணை அழுத்தி, தொகையைத் தேர்ந்தெடுத்தேன். உள்ளே நோட்டுகளை எண்ணும் சத்தம் தெளிவாகக் கேட்டது. ஆனால் பணம் வரும் வாயின் மூடி திறக்கவே இல்லை. சற்று நேரத்தில் சத்தம் அடங்கியது. சேவை தற்காலிகமாக இல்லை என்று திரை சொன்னது. கார்டு வெளியே வந்தது, ரசீது வரவில்லை. நான் அந்த இடத்தை விட்டு நகர்வதற்குள் கைபேசியில் குறுஞ்செய்தி வந்துவிட்டது, முழுத் தொகையும் பற்று வைக்கப்பட்டதாக. வாடகைக்காக எடுக்க வந்த பணம் அது.

இயந்திரத்தில் ஒட்டியிருந்த எண்ணை அழைத்தேன். "நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் இல்லை, உங்கள் வங்கியைக் கேளுங்கள்" என்றார்கள். என் வங்கியை அழைத்தேன். "எங்கள் பதிவில் பணம் வழங்கப்பட்டதாக இருக்கிறது, இயந்திரத்துக்கு உரிய வங்கியைக் கேளுங்கள்" என்றார்கள். இப்படிப் பந்தாடப்படும் நேரத்தில்தான் பலர் மனம் சோர்ந்து பணத்தைக் கைகழுவிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கிதான் உங்களுக்குப் பொறுப்பு. இயந்திரத்தின் உரிமையாளரோடு உங்களுக்கு எந்த ஒப்பந்தமும் இல்லை. உங்கள் வங்கிக்கு இருக்கிறது, விசா அல்லது மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பின் வழியாக.

உள்ளே நடப்பது இதுதான். இயந்திரம் உங்கள் வங்கியிடம் அனுமதி கேட்கிறது. வங்கி சரி என்று சொல்லி, அந்தத் தொகையைக் கணக்கில் கழித்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் நோட்டுகள் வெளியே வரவேண்டும். வராவிட்டால், அந்தப் பற்றைத் திருப்புமாறு இயந்திரம் இன்னொரு செய்தி அனுப்பவேண்டும். இணைப்பு அறுந்துபோனாலோ இயந்திரம் நடுவில் உறைந்துபோனாலோ அந்தச் செய்தி போவதில்லை. அதனால் உங்கள் வங்கியின் ஏட்டில் அது வெற்றிகரமான பரிவர்த்தனையாகவே நிற்கிறது. ஆனால் உண்மை வேறோர் இடத்தில் பதிவாகியிருக்கிறது. ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் எத்தனை நோட்டு எடுக்கப்பட்டது, எத்தனை வெளியே போனது என்பதை இயந்திரம் தன் ஜர்னலில் எழுதிவைக்கிறது. பெட்டியில் உள்ள பணத்தை எண்ணிக் கணக்குப் பார்க்கும்போது, உங்களுக்கு வராத தொகை அங்கே உபரியாக நிற்கும்.

ஆகவே தொலைபேசியில் வாதாடுவதோடு நிறுத்தாமல், உங்கள் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். இயந்திரத்தின் அடையாள எண், இருந்த இடம், உள்ளூர் நேரம், கேட்ட தொகை, குறுஞ்செய்தியில் வந்த குறிப்பு எண் எல்லாம் அதில் இருக்கட்டும். திரையையும் இயந்திரத்தையும் அங்கேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் வழங்கப்படவில்லை என்ற காரணத்தைக் குறிப்பிட்டு, சார்ஜ்பேக் (கழித்த பணத்தை வலையமைப்பு வழியாகத் திரும்பப் பெறும் நடைமுறை) தொடங்குமாறும் ஜர்னல் பதிவை வரவழைக்குமாறும் கேளுங்கள். இந்தச் சொற்களைப் பார்த்ததும் எனக்கு வந்த பதில்களின் தொனியே மாறியது. வலையமைப்பு விதிகளில் இதற்குப் பொதுவாக 120 நாள் வரம்பு உண்டு. ஆகவே 'விசாரித்துக்கொண்டிருக்கிறோம்' என்ற பதிலை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. எனக்குத் தொகை திரும்ப வந்தது. ஆனால் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் வரவில்லை. அதற்காக மீண்டும் எழுதி வாங்கினேன். நடக்காத பரிவர்த்தனைக்குக் கட்டணம் எதற்கு?

இப்படி வங்கியைப் பிடித்து உலுக்குவதற்கு உங்களிடம் ஒரு கயிறு வேண்டும். அந்தக் கயிறு உங்கள் பழைய கைபேசி எண். இணையத்தில் உள்நுழைய ஓடிபி, பணம் அனுப்ப ஓடிபி, கார்டை முடக்க ஓடிபி. வெளிநாடு போனதும் பழைய சிம் ரீசார்ஜ் செய்யப்படாமல் செயலிழந்துவிடும். பிறகு எண்ணை மாற்றலாம் என்று இணையதளத்துக்குப் போனால், மாற்றத்தை உறுதிசெய்யும் ஓடிபியைப் பழைய எண்ணுக்கே அனுப்புகிறார்கள். அந்த எண் செயல்படவில்லை என்றால், கிளைக்கு நேரில் வாருங்கள் என்பார்கள். கடல் கடந்து எப்படி வருவது? இதைப் போல வாடிக்கையாளரை நோகடிக்கும் ஏற்பாடு வேறெதுவும் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். ஒரே ஊரில், ஒரே எண்ணோடு, ஆயுள் முழுதும் இருப்பவரை மட்டுமே மனதில் வைத்து இதை அமைத்திருக்கிறார்கள். புதிய கார்டு கூட பதிவுசெய்த பழைய முகவரிக்குத்தான் போகும். கிளம்புவதற்கு முன்பே வெளிநாட்டு எண்ணைப் பதிவுசெய்ய முடியுமா, மின்னஞ்சலிலோ வங்கியின் செயலியிலோ அங்கீகாரம் பெற முடியுமா, கார்டு எப்போது காலாவதியாகிறது என்று பார்த்துவிடுங்கள். முடியாதென்றால் பழைய சிம்மை எப்பாடுபட்டாவது உயிரோடு வைத்திருங்கள்.

அடுத்தது, ஏடிஎம் திரையில் கேட்கப்படும் ஒரு கேள்வி. தொகையைத் தேர்ந்ததும், உங்கள் சொந்த நாணயத்தில் கழிக்கவேண்டிய தொகையைப் பெரிய எழுத்தில் காட்டி, 'ஏற்கிறேன்' என்ற பொத்தானைப் பளிச்சென்று வைக்கிறது. பக்கத்தில் மங்கலாக 'மாற்றமின்றித் தொடர்க' என்பது போல ஏதோ இருக்கும். பழக்கமான நாணயம் கண்ணில் பட்டதும் கை தானாக முதல் பொத்தானுக்குப் போகும். அதை அழுத்தினால் மாற்று விகிதத்தை முடிவுசெய்வது இயந்திரத்தின் தரப்பு; சந்தை விகிதத்தைவிடப் பல சதவீதம் கூடுதலாக அதில் ஏற்றியிருப்பார்கள். மறுத்தால் பணம் வராதோ என்று அஞ்சவேண்டாம், வரும். உங்கள் கார்டின் வலையமைப்பும் வங்கியும் தங்கள் விகிதத்தில் மாற்றிக்கொள்ளும். பெரும்பாலும் அதுவே மலிவு. எப்போதும் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, 2020 ஏப்ரல் முதல் இந்தக் கூடுதல் தொகையை ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தோடு ஒப்பிட்டுச் சதவீதமாகத் திரையில் காட்டவேண்டும். உலகம் முழுவதும் இந்த விதி இருந்திருக்கவேண்டும் என்பது என் கருத்து.

இதற்கு மேல் இயந்திரத்தின் கட்டணம், உங்கள் வங்கியின் கட்டணம், நாணய மாற்றுக் கட்டணம் என்று மூன்றும் தனித்தனியே விழலாம். சிறு தொகையாகப் பலமுறை எடுப்பதைவிட ஒரே முறை எடுப்பது நல்லது. கிரெடிட் கார்டில் பணம் எடுக்கவே வேண்டாம். வட்டி பெரும்பாலும் அன்றே தொடங்கிவிடும். பின் எண் நான்கு இலக்கமாக இருக்கட்டும், நீளமான எண்ணை ஏற்காத இயந்திரங்கள் இருக்கின்றன. வேலை நேரத்தில், வங்கிக் கிளையோடு சேர்ந்த இயந்திரத்தையே நாடுங்கள். கார்டு உள்ளே சிக்கிக்கொண்டால் கேட்க ஆளாவது இருப்பார்கள். வேறு வலையமைப்பைச் சேர்ந்த இன்னொரு கார்டு தனியாக வீட்டில் இருக்கட்டும்.

கடைசியாக, வந்து சேர்ந்த நாட்டில் கணக்குத் திறப்பது. முகவரிச் சான்று இல்லாமல் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் வாடகை வீடு இல்லை, வீடு இல்லாமல் முகவரிச் சான்று இல்லை. இந்தச் சுழலில் மாட்டிக்கொண்ட மாணவர்களையும் தொழிலாளர்களையும் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. சம்பளம் வாங்க ஒரு கணக்கு என்பது சலுகை அல்ல. வேலை கொடுத்தவரின் கடிதம், பல்கலைக்கழகக் கடிதம், அரசிடமிருந்து தபாலில் வந்த எந்தக் கடிதமானாலும் காட்டிப் பாருங்கள். ஒரு கிளை மறுத்ததை இன்னொரு கிளை ஏற்பதுண்டு. வரி எண்ணைக் கேட்டால் உங்களைச் சந்தேகிப்பதாக நினைக்கவேண்டாம். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளும் பகுதிகளும் கணக்கு விவரங்களைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு இருப்பதால், வங்கிகள் அதைக் கேட்டே ஆகவேண்டும். நீங்கள் இருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் என்றால் 2014ஆம் ஆண்டின் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது: சட்டப்படி வசிக்கும் எவருக்கும், நிலையான முகவரி இல்லாவிட்டாலும், அடிப்படைக் கணக்கு பெறும் உரிமை உண்டு. முழுமையான விண்ணப்பம் கிடைத்த பத்து வேலை நாட்களுக்குள் வங்கி முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் பொதுவாகக் காரணத்தை எழுத்தில், இலவசமாகத் தரவேண்டும். கவுன்ட்டரில் வாய்மொழியாக இல்லை என்று சொன்னால், அந்தக் கடிதத்தைக் கேளுங்கள்.