‘எல்லாம் முடிந்த பிறகு சந்தோஷமாக இருக்கலாம்’ என்ற கணக்கு ஏன் தப்பாகிறது?

கடன் அடையட்டும், பிள்ளை வேலைக்குப் போகட்டும், அப்புறம் நிம்மதி என்று தள்ளிப்போடுகிறோம். ஆனால் எந்த நல்லது வந்தாலும் கொஞ்ச நாளில் மனம் அதற்குப் பழகிவிடும். உளவியலில் இதை இன்பத் தகவமைவு (hedonic adaptation) என்பார்கள்.

தலையில் வைத்த மல்லிகையைப் பாருங்கள். வைத்தவருக்குச் சற்று நேரத்தில் வாசனை தெரியாது, பக்கத்தில் வந்து உட்காருபவருக்குத்தான் தெரியும். பூ வாடவில்லை, மூக்கு பழகிவிட்டது.

உளவியலாளர் பிலிப் பிரிக்மன் குழுவினர் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேர் மற்றவர்களைவிடப் பெரிதாக மகிழ்ச்சியாக இல்லை. காலை உணவு, நண்பரோடு பேச்சு போன்றவற்றில் வென்றவர்களுக்குக் கிடைத்த இன்பம் குறைவாகவே இருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் யோசிக்க வைக்கிறது.

அதனால் தள்ளிப்போடாமல், இன்றைய சின்ன இன்பங்களைக் கவனித்துப் பாருங்கள். காபியின் முதல் நாலு மிடறைப் போனைத் தொடாமல் குடியுங்கள். சூடும் கசப்பும் நாக்கில் தனித்தனியாகத் தெரியும். விருந்தாளிக்கென்று பூட்டி வைத்த பீங்கான் தட்டை வாரம் ஒரு நாள் வெளியே எடுங்கள். தினமும் எடுத்தால் அதுவும் பழகிவிடும்; இடைவெளி விட்டால்தான் ருசி திரும்பும்.

சேமிப்பைக் கைவிடச் சொல்வதாகப் பலர் இதைத் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். மாதச் சீட்டு கட்டுவதற்கும் இந்த நாலு மிடறு காபிக்கும் மோதலே கிடையாது.