வயலில் போட்ட யூரியா கிணற்றுக்குள் எப்படி வருகிறது?

மேலே போட்டது மழைநீரில் கரைந்து மண்ணினூடே கீழே இறங்குவதைத்தான் 'கசிந்திறங்கல்' என்கிறோம். எல்லாம் இறங்காது. தேநீர் வடியில் தூள் தங்கிவிடும், சாயமும் சீனியும் இறங்கிவிடும் அல்லவா, அதே கதைதான்.

யூரியாவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டுக்கும் களிமண் துகளுக்கும் ஒரே வகை மின்னேற்றம் என்பதால் மண் அதைப் பிடித்துவைக்காது. பயிர் உறிஞ்சியது போக மிச்சம் கீழேதான்.

யாழ்ப்பாணத்தில் இது இன்னும் மோசம். வெங்காயமும் புகையிலையும் விளையும் செம்பாட்டு மண்ணுக்கு அடியில் வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். நீர் அதில் வடிகட்டப்படாமல் ஓடும். மலக்குழிக் கசிவும் சேர, பல கிணறுகளில் நைட்ரேட், உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவான லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம்.

சரி, ஆற்றுக்கு? கோடையில் ஆறுகளில் ஓடுவதில் பெரும்பங்கு நிலத்தடியிலிருந்து ஊறும் நீர். அழுக்கும் கூடவே வரும், சில இடங்களில் பல வருடம் கழித்து.

கொதிக்கவைத்தால் போதும் என்பார்கள். கிருமி சாகும், நைட்ரேட் போகாது, நீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும்.