மௌனப் பட காலத்துக் கார்ட்டூன் குறும்படங்களைச் சிலர் தேடித் தேடிச் சேர்க்கிறார்களே, அவற்றில் அப்படி என்ன இருக்கிறது?

எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது கெர்ட்டி என்ற டைனோசரால். அமெரிக்கப் பத்திரிகை ஓவியர் வின்சர் மெக்கே 1914-ல் எடுத்த படம். யூடியூபில் தற்செயலாகப் பார்த்தபோது கெர்ட்டியைவிட அவளுக்குப் பின்னால் இருந்த பாறைகள்தான் என் கண்ணை இழுத்தன, அவை சும்மா நிற்காமல் லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தன. பிரிண்ட் பழசு போல என்று விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் தெரிந்தது. பின்னணியை ஒரே தடவை வரைந்து வைத்துக்கொண்டு, பாத்திரத்தை மட்டும் கண்ணாடி போன்ற ஷீட்டில் மாற்றி மாற்றி வைக்கிற முறையில் அவர் படம் எடுக்கவில்லை. ஆயிரக்கணக்கான மெல்லிய தாள்கள், ஒவ்வொன்றிலும் அதே பாறை, அதே மலை, திரும்பத் திரும்ப. அந்தப் பின்னணியை உட்கார்ந்து நகலெடுத்தவர் ஜான் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் என்ற இளம் உதவியாளர். அதாவது நான் பார்த்த நடுக்கம் நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பையனுடைய கை நடுக்கம்! இதற்குப் பிறகு கம்ப்யூட்டரில் ‘சுத்தம்’ செய்து விடுகிற பிரதிகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

இன்னொன்று, மெக்கே இதை முதலில் மேடையில்தான் காட்டினார். கையில் சவுக்கோடு திரைக்குப் பக்கத்தில் நின்று கெர்ட்டியை மிரட்டுவார், அவள் அழுவாள். கடைசியில் அவரே திரைக்குள் நுழைந்துவிட்டது போல, படத்தில் அவள் முதுகேறிப் போவார்.

சரி, சேகரிப்பு. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று தீப்பிடிக்கும், பிடிக்காவிட்டாலும் மட்கிப் பொடியாகும், ஓடி முடிந்த படத்தைப் பத்திரப்படுத்த யாருக்கும் அக்கறையும் இல்லை. எனவே பல படங்கள் இன்று கிடைப்பதே, வீட்டில் போட்டுப் பார்க்க விற்ற 16 மி.மீ., 9.5 மி.மீ. அகல ஃபிலிம் சுருள்கள் யாரோ ஒருவர் அலமாரியில் கிடந்ததால்தான். வால்ட் டிஸ்னி 1928-ல் எடுத்த ஆஸ்வால்ட் முயல் படம் ஒன்று தொலைந்துபோனதாகவே நினைத்திருந்தார்கள். 2018-ல் ஜப்பானில் ஒருவரிடம் அதன் சுருள் இருப்பது தெரிந்தது. பையனாக இருந்தபோது 500 யென்னுக்கு வாங்கி, பல பத்தாண்டுகளாக வீட்டில் வைத்திருந்திருக்கிறார். 1917-ல் வந்த ஜப்பானியக் கார்ட்டூன் ‘நமாகுரா கத்தானா’ கிடைத்ததும் ஒசாகாவின் பழம்பொருள் சந்தை ஒன்றில்தான்.

நீங்களும் வாங்க இறங்கினால் நைட்ரேட் பக்கம் போகாதீர்கள். 16 மி.மீ. என்றால் டப்பாவைத் திறந்து முதலில் மோந்து பாருங்கள்: வினிகர் வாடை அடித்தால் ஃபிலிம் கெட ஆரம்பித்துவிட்டது, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.