டீ நேரத்து மிக்சரில் நாய்க்கும் பங்கு கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் பத்து கிலோ எடையுள்ள நாட்டு நாய் இருக்கிறது. மாலையில் டீ குடிக்கும்போது பிஸ்கட், மிக்சர், சிப்ஸ் எதுவானாலும் அதற்கும் ஒரு பங்கு உண்டு. இதுவரை ஒன்றும் ஆனதில்லை. நாய்களுக்கென்று விற்கும் பிஸ்கட் விலை கூடுதலாக இருக்கிறது. அதைத்தான் வாங்க வேண்டுமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அதைத்தான் வாங்க வேண்டும் என்று இல்லை. ஆனால் மிக்சரை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். மிக்சரில் பெரும்பாலும் பூண்டு இருக்கும், சிலவற்றில் உலர்திராட்சையும். மசாலா சிப்ஸ் என்றால் வெங்காயத் தூள், பூண்டுத் தூள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை. வேகவைத்தாலும் வறுத்தாலும் அந்தக் குணம் போகாது. தூளில் செறிவு இன்னும் அதிகம். ஒரு துணுக்கில் உயிர் போய்விடாதுதான். ஆனால் பாதிப்பு அன்றைக்கே தெரியாது. சில நாள் கழித்து நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், சிறுநீர் பழுப்பாகப் போகும். நாமோ வெயிலில் வாடிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். அதனால் "ஒன்றும் ஆனதில்லை" என்பதை நம்பி இருக்காதீர்கள்.

திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். எவ்வளவு தின்றால் ஆபத்து என்று அளவு சொல்ல முடியாது; ஒரு நாய் தாங்குவதை இன்னொன்று தாங்காது. அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்று கால்நடை மருத்துவர்கள் கருதுகிறார்கள். அந்த அமிலம் புளியிலும் நிறைய உண்டு. ஆகவே பாயசத்துத் திராட்சை மட்டுமல்ல, புளி மிட்டாயும் வேண்டாம்.

சாக்லேட் விஷயம் பலருக்கும் தெரியும். உங்கள் நாயின் எடைக்கு மில்க் சாக்லேட் 100 கிராம் அளவில் தொந்தரவு தொடங்கலாம். டார்க் சாக்லேட் என்றால் 40 கிராமே போதும். இதைவிட எனக்குப் பயம் சர்க்கரையில்லாத சூயிங் கம். அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால், பத்து கிலோ நாய்க்கு அந்தச் சைலிட்டால் 1 கிராம் போனாலே அரை மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை சரிந்து விழலாம். பாக்கெட்டில் பெயர் இல்லாமல் 967 என்ற எண் மட்டும் இருந்தாலும் அதுதான். சர்க்கரையில்லாத வேர்க்கடலை வெண்ணெய் வாங்குகிறவர்களும் இதைப் பாருங்கள்.

சரி, பிஸ்கட்? சாதாரண குளுக்கோஸ் பிஸ்கட்டில் நஞ்சு எதுவும் இல்லை. சர்க்கரையும் மைதாவும்தான் பிரச்சினை. பத்து கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி போதும். நொறுக்குத் தீனி அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதாவது இரண்டு பிஸ்கட். 50 கிராம் பாக்கெட் முழுவதும் போட்டால் 225 கலோரி போல ஆகிவிடும். கிரீம் பிஸ்கட், சாக்லேட் பிஸ்கட் கூடவே கூடாது.

நாய் பிஸ்கட்டையும் இதே கண்ணோடு திருப்பிப் பாருங்கள். முதலில் மைதா, அடுத்து சர்க்கரை என்று இருந்தால் எதற்குக் கூடுதல் விலை? அந்தக் காசுக்கு முட்டை வாங்கி அவித்துக் கொடுக்கலாம். கேரட், வெள்ளரித் துண்டு, உப்பில்லாத வெறும் பொரி இவையும் நல்லவை. எங்கள் வீட்டு நாய் பொரி டப்பா மூடி திறக்கும் சத்தத்துக்கே மாடியிலிருந்து ஓடி வரும்.

அப்புறம், காலி சிப்ஸ் பாக்கெட்டைத் தரையில் போடாதீர்கள். உப்பை நக்கத் தலையை உள்ளே விடும் நாய்க்கு அது முகத்தோடு ஒட்டிக்கொண்டு சில நிமிடங்களில் மூச்சு நின்றுவிடலாம்.

தப்பித் தவறி ஏதாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த உப்பே நஞ்சாகும். எவ்வளவு தின்றது, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, அந்தப் பாக்கெட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.