ஜூனியர் இன்ஃபன்ட்ஸ் முதல் சிக்ஸ்த் கிளாஸ் வரை: கேளுங்கள், சொல்கிறேன்

அயர்லாந்துக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. என் பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கேதான் பிரைமரி முடித்தார்கள். ஜூனியர், சீனியர் இன்ஃபன்ட்ஸ் என்று முதல் இரண்டு வருடம், பிறகு ஃபர்ஸ்ட் கிளாஸ் முதல் சிக்ஸ்த் கிளாஸ் வரை, அதுதான் இங்கே பிரைமரி. நான் ஒன்பது வருடமாக ஒரு பிரைமரி பள்ளியில் எஸ்.என்.ஏ. வேலை பார்க்கிறேன். கூடுதல் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகளுக்குத் துணையாக வகுப்பில் இருக்கும் வேலை. விசா கேள்விகள் வேண்டாம், அட்மிஷன் சிபாரிசும் வேண்டாம். மற்றதைக் கேளுங்கள்.

கார்க், ஒரு அம்மா: மகளுக்கு ஜூலையில் 4 வயது முடிகிறது. இந்த செப்டம்பரே ஜூனியர் இன்ஃபன்ட்ஸில் சேர்க்கலாமா அக்கா? இப்போதே ஏ பி சி டி எழுதுவாள்.

4 முடிந்தால் சேர்க்கலாம். சட்டப்படி கட்டாயம் 6 வயதில்தான். இலவச ப்ரீஸ்கூல் இரண்டு வருடம் உண்டு, நாளைக்கு 3 மணி நேரம், வருடத்துக்கு 38 வாரம். அதில் இரண்டாவது வருடம் மிச்சமிருந்தால் முடித்துவிட்டு அனுப்புங்கள் என்பேன். ஐந்து வயதில் வரும் பிள்ளைக்கும் நாலில் வரும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் முதல் வாரமே தெரிந்துவிடும்.

எழுதத் தெரியுமா என்று யாரும் பார்க்கப்போவதில்லை. குளிருக்குப் போடும் கோட்டைத் தானே மாட்டிக்கொள்வாளா? அதைச் சொல்லுங்கள். மணி அடித்ததும் 27 குழந்தைகள், 27 கோட்டு, பெரியவர்கள் நாங்கள் இரண்டே பேர். ஊரில் நாமே எல்லாம் மாட்டிவிட்டுப் பழகியதால், நம் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு வழி சொல்கிறேன். கோட்டைத் தரையில் விரித்துப் போடுங்கள், உள்பக்கம் மேலே தெரியட்டும். கழுத்துப் பட்டை அவள் கால்மாட்டில் இருக்கவேண்டும். குனிந்து இரண்டு கையையும் கோட்டின் கைகளுக்குள் விட்டு, அப்படியே தலைக்கு மேலே தூக்கிப் போட்டால் முதுகில் போய் உட்கார்ந்துவிடும். பத்து நாள் வீட்டில் பழக்குங்கள். டிபன் பாக்ஸ் மூடியும் அவளே திறக்கிற மாதிரி வாங்குங்கள். ஷூவுக்கு லேஸ் வேண்டாம், வெல்க்ரோ போதும்.

வாட்டர்ஃபோர்ட், ஒரு அப்பா: என்ன நேரம் விடுவார்கள்? இரண்டு பேருமே வேலைக்குப் போகிறோம்.

இன்ஃபன்ட்ஸ் இரண்டு வருடமும் 4 மணி 40 நிமிடம், ஃபர்ஸ்ட் கிளாஸிலிருந்து 5 மணி 40 நிமிடம். அதாவது சின்னவர்கள் மதியம் ஒன்றரை வாக்கில் வாசலில் நிற்பார்கள். ஜூலை, ஆகஸ்ட் முழு விடுமுறை. பள்ளி விட்டபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆஃப்டர் ஸ்கூல் இடத்துக்கு இன்றைக்கே பெயர் கொடுங்கள்.

டப்ளின், ஒரு அம்மா: மதியத்துக்கு எலுமிச்சை சாதம் கொடுத்தனுப்பலாமா? மற்ற பிள்ளைகள் கேலி செய்யுமா?

கேலி செய்யமாட்டார்கள், ஒரு வாய் கேட்பார்கள். ஆனால் அதில் வேர்க்கடலை போட்டுவிடாதீர்கள்! பெரும்பாலான பள்ளிகளில் கொட்டை வகை எதற்கும் அனுமதி இல்லை. நுட்டெல்லாவும் அதில் சேர்த்தி. ஒவ்வாமை உள்ள குழந்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். தேங்காய்ச் சட்னி வேறு விஷயம், அதை டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அரசின் சூடான சாப்பாட்டுத் திட்டம் படிப்படியாக எல்லா பிரைமரி பள்ளிகளுக்கும் விரிந்திருக்கிறது. சைவம் என்றால் ஆர்டரில் குறித்துவிடலாம்.

கால்வே, ஒரு அப்பா: ரேங்க் எப்படிப் போடுகிறார்கள்? தேர்வே இல்லை என்கிறான் மகன். நம்புவதா?

நம்புங்கள். ரேங்க் கிடையாது. செகண்ட், ஃபோர்த், சிக்ஸ்த் கிளாஸ்களில் வருடக் கடைசியில் இங்கிலீஷுக்கும் கணக்குக்கும் ஒரு பொதுத் தேர்வு வைப்பார்கள். அதில் ஸ்டென் என்று 1 முதல் 10 வரை ஒரு எண் வரும். 5, 6 வந்தால் சராசரி. அது நூற்றுக்கு அறுபது இல்லை, தயவுசெய்து குழந்தையை உலுக்காதீர்கள்.

ஸ்லைகோ, ஒரு அம்மா: மகள் செகண்ட் கிளாஸ் போகிறாள். பள்ளி கத்தோலிக்கப் பள்ளி. வருடம் முழுக்க கம்யூனியன் தயாரிப்பு, அதாவது முதல் நற்கருணைச் சடங்குக்கான தயாரிப்பு நடக்குமாமே. நாங்கள் இந்துக்கள், என்ன செய்வது?

இங்கே பத்தில் ஒன்பது பள்ளி கத்தோலிக்க நிர்வாகம்தான், தப்பிக்க வழி குறைவு. ஆனால் மதபோதனையில் உட்காராமலே பள்ளியில் படிக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 44-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. பிரின்சிபலுக்கு ஒரு மெயில் போதும். 2018-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, ஞானஸ்நானம் ஆன பிள்ளைக்கு முன்னுரிமை என்று கத்தோலிக்க பிரைமரி பள்ளிகள் சொல்லவும் முடியாது.

நடைமுறையைச் சொல்கிறேன். பெரும்பாலும் வேறு அறை இருக்காது, ஆள் இருக்காது. அதே வகுப்பில் பின்னால் உட்கார்ந்து உங்கள் மகள் படம் வரைவாள். பாட்டெல்லாம் காதில் விழும், வீட்டுக்கு வந்து பாடுவாள். அந்தச் சடங்குக்குப் போடும் வெள்ளை கவுனுக்கு ஏங்குகிற நாளும் வரும். கம்யூனியன் ஆன பிள்ளைகளுக்குச் சொந்தக்காரர்கள் கொடுக்கும் பணத்தைப் பற்றித் திங்கட்கிழமை யார்டில் பேச்சு நடக்கும், அதற்கும் தயாராக இருங்கள். எங்கள் வீட்டில் அந்த வாரம் தீபாவளிக்கு எடுத்த பட்டுப் பாவாடை மறுபடி வெளியே வந்தது. மதச்சார்பு வேண்டாம் என்றால் எஜுகேட் டுகெதர் பள்ளிகளும் கம்யூனிட்டி நேஷனல் ஸ்கூல்களும் இருக்கின்றன, பக்கத்தில் இருந்தால் பாருங்கள்.

லிமரிக், ஒரு அப்பா: பையனுக்கு 7 வயது. ஐரிஷ் மொழியிலிருந்து விலக்கு எப்படி வாங்குவது? அந்த நேரத்தில் கணக்கு போடலாமே. இங்கே கடையில் பால் வாங்கக்கூட யாரும் ஐரிஷ் பேசுவதில்லை.

7 வயதுப் பிள்ளைக்கு வெளிநாட்டிலிருந்து வந்தான் என்ற காரணத்தால் விலக்கு இல்லை. வெளிநாட்டில் படித்துவிட்டு 12 வயது முடிந்தபின் வந்து சேர்பவர்களுக்கு உண்டு. படிப்பதிலும் எழுதுவதிலும் தீராத சிரமம் இருக்கும் பிள்ளைகளுக்கும் உண்டு. வேறு சில வழிகளும் உண்டு, கணக்கு போட நேரம் வேண்டும் என்பது அதில் இல்லை.

டப்ளின், வேறொருவர்: அண்ணே, சனிக்கிழமை பிள்ளையைத் தமிழ் வகுப்புக்கு அனுப்புகிறவர்தானே நீங்கள்? நம் மொழிக்கு ஒரு நியாயம், அவர்கள் மொழிக்கு ஒரு நியாயமா?

லிமரிக் அப்பா: தமிழை எட்டு கோடிப் பேர் பேசுகிறோம். இது அப்படியா?

சரி, இதோடு நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் வந்தேன், ஆனால் எனக்கும் சொல்ல இருக்கிறது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசத் தெரியும் என்றவர்கள் சுமார் 18.7 லட்சம். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறோம் என்றவர்கள் 71,968 பேர். ஆக லிமரிக் தம்பி பால் கடையைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை. அதற்காக டப்ளின்காரர் சொன்னதை அப்படியே ஏற்கவும் மாட்டேன். வேற்றூரில் கணக்கைப் பற்றிக் கவலைப்படுகிற அப்பாவைத் துரோகி ஆக்கவேண்டாம்.

நான் பார்த்தது இது. வகுப்பில் ஐரிஷ் பாடம் தொடங்கும்போது எல்லோரும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கிறார்கள். இங்கிலீஷில் தடுமாறுகிற நம் பிள்ளை, அந்த அரை மணி நேரத்தில் மட்டும் யாருக்கும் பின்தங்கியவன் இல்லை. வாய் திறக்காத ஒரு பையன் முதலில் கை தூக்கியது ஐரிஷ் நேரத்தில்தான். டாய்லெட் போகக்கூட ஐரிஷில்தான் அனுமதி கேட்கவேண்டும், 'அன் வில் கெட் அகம்' என்று தொடங்கும். இந்த நாட்டில் மற்றதை மறந்தவர்களும் அந்த வரியை மறக்கமாட்டார்கள். என் மகன் மதுரையில் போய் ஆச்சியிடம் அதையே கேட்டான். 'பிள்ளைக்கு ஏதோ சுலோகம் சொல்லிக் கொடுத்திருக்காங்க' என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் டவுசர் நனைந்துவிட்டது.

இன்னொன்று. பெரியவனாகி இங்கே பிரைமரி டீச்சர் ஆக நினைத்தால் லீவிங் சர்ட் என்கிற பள்ளி இறுதித் தேர்வில், ஐரிஷைக் கடினமான ஹையர் லெவலில் எழுதி ஹெச்4 கிரேடாவது வாங்கவேண்டும். ஏழு வயதில் அந்தக் கதவை நாமே சாத்துவானேன்?

லிமரிக் அப்பா: டீச்சர் ஆகவேண்டும் என்று யார் சொன்னது?

அவன் சொல்வான், பொறுங்கள். அடுத்த ஆள்.

ட்ரோஹடா, ஒரு அம்மா: மகன் ஹர்லிங் ஆடவேண்டும் என்கிறான், கட்டையால் பந்தை அடிக்கும் இந்த ஊர் விளையாட்டு. அந்தக் கட்டையைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

ஹெல்மெட் இல்லாமல் களத்தில் இறங்க விடமாட்டார்கள். கட்டையை உயரம் பார்த்து வாங்குங்கள், நிமிர்ந்து நின்றால் முனை இடுப்பெலும்புக்கு வரவேண்டும். 'வளருவான்' என்று பெரிதாக வாங்கினால் வீணாய்ப் போகும். ஹர்லிங் மாதிரி ஐரிஷ் விளையாட்டுகளை நடத்தும் ஜி.ஏ.ஏ. சங்கத்தின் ஊர் கிளப்பிலும் சேருங்கள். சனிக்கிழமை காலை அந்த மைதானத்து ஓரத்தில் மழையில் நிற்கும்போதுதான் எனக்கு இந்த ஊரில் சிநேகிதிகள் கிடைத்தார்கள். பிறந்தநாள் அழைப்புகளும் அங்கிருந்துதான் வரும். 'நியாம்ஹ்' மாதிரி எழுதியிருப்பதை 'நீவ்' என்று படிக்கவேண்டும், அழைப்பு எழுதுமுன் மகனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கார்க், ஒரு அப்பா: டிசம்பர் கடைசியில் ஊருக்குப் போய், பொங்கல் முடித்து ஜனவரி கடைசியில் வரலாம் என்று இருக்கிறோம். பள்ளியில் பிரச்சினை வருமா?

இதை வருடா வருடம் சொல்கிறேன். ஒரு கல்வியாண்டில் மொத்தம் 20 நாள் வராமல் போனால், காரணம் எதுவானாலும், பள்ளி டுஸ்லாவுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். குழந்தைகள் நலனைக் கவனிக்கும் அரசு அமைப்பு அது. கிறிஸ்துமஸ் லீவு இரண்டு வாரம். அதற்கு மேல் மூன்று வாரம் என்றால் 15 நாள் போச்சு. பிப்ரவரியில் சின்னம்மை வந்து ஒரு வாரம் படுத்தால் 20. போலீஸ் வராது, ஆனால் விசாரிப்பார்கள். முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.

டப்ளின், ஒரு அப்பா: வகுப்பில் முதல் மூன்று பேர் யார் என்று டீச்சரிடம் கேட்கலாமா?

கால்வேக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

வெக்ஸ்ஃபோர்ட், ஒரு அம்மா: ஹோம்வொர்க் பத்து நிமிடத்தில் முடிகிறது. கூடுதலாகக் கொடுக்கச் சொல்லலாமா? ரேங்க் எப்படித் தெரிந்துகொள்வது?

கால்வே. வெள்ளிக்கிழமை பல பள்ளிகளில் ஹோம்வொர்க்கே கிடையாது, அதையும் கேட்டுவிடாதீர்கள். செலவையும் சொல்லிவிடுகிறேன்: ஃபீஸ் இல்லை, 2023 செப்டம்பரிலிருந்து புத்தகமும் நோட்டும் இலவசம். 'வாலண்டரி கான்ட்ரிபியூஷன்' என்று கடிதம் வந்தால் அது நன்கொடை, கட்டாயமில்லை.

ட்ரலீ, ஒரு அம்மா: மழை நாளில் வெளியே விடமாட்டார்கள்தானே?

தூறலுக்கெல்லாம் விடுவார்கள். கொட்டினால்தான் உள்ளே. நல்ல ரெயின் கோட் வாங்குங்கள், ஜிப் வைத்தது, உள்ளே பெயர் எழுதியது. ஜம்பரிலும் எழுதுங்கள். எங்கள் பள்ளி லாஸ்ட் ப்ராப்பர்ட்டி பெட்டியில் இந்த வெள்ளிக்கிழமை எண்ணினேன், பதினோரு நேவி ப்ளூ ஜம்பர், எல்லாம் 5-6 வயது சைஸ், ஒன்றில்கூடப் பெயர் இல்லை.