தலைப்பிரசவம்: சுகப்பிரசவமா, சிசேரியனா? மகப்பேறு மருத்துவரிடம் கேள்வி பதில்

திருப்பூரிலிருந்து, 30 வாரம்: டாக்டர், எனக்கு இது முதல் குழந்தை. சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் வலியை நினைத்தாலே கைகால் நடுங்குகிறது. பேசாமல் தேதி குறித்து ஆபரேஷன் செய்துகொள்ளலாமா? அப்படிக் கேட்பது தவறா?

தவறே இல்லை அம்மா. பயத்தை வெளியே சொன்னதே நல்லது. ஆனால் முடிவெடுக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வலி இரண்டிலும் உண்டு. சுகப்பிரசவத்தில் பெரும்பகுதி முன்னால் வந்துவிடும், சிசேரியனில் பின்னால் வரும். முதுகு ஊசியின் மரமரப்பு இறங்கியதும் எழுந்து உட்கார, இரும, சிரிக்க, பிள்ளையைத் தூக்கி மடியில் வைக்க, எல்லாவற்றுக்கும் வயிறு இழுக்கும். அது சில வாரம் இருக்கும். சுகப்பிரசவ வலிக்கு எபிடூரல் இருக்கிறது. இடுப்பில் மெல்லிய குழாய் வைத்து மருந்து விடுவார்கள். வலி பெருமளவு அடங்கும், அதனால் சிசேரியன் ஆகும் வாய்ப்பு கூடுவதில்லை. உங்கள் மருத்துவமனையில் அது உண்டா, இரவிலும் உண்டா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

சிசேரியன் பக்கமும் நியாயம் உண்டு. கீழே கிழியாது. முதல் சுகப்பிரசவத்தில் ஏறக்குறைய 100 பேரில் 6 பேருக்கு ஆசனவாய்த் தசை வரை கிழிசல் போகலாம். பின்னாளில் இருமினால் சிறுநீர் கசிவதும் சிசேரியன் ஆனவர்களுக்குக் குறைவு. தவிர, நிதானமாகத் திட்டமிட்டுச் செய்வது, வலியில் பல மணி நேரம் தவித்துக் கடைசியில் அவசரமாகச் செய்வதைவிடப் பாதுகாப்பானது. இதை மறைத்துப் பேசும் மருத்துவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று: உங்களுக்கு எத்தனை பிள்ளை வேண்டும்? முதல் ஆபரேஷன் பெரும்பாலும் நல்லபடியாகவே முடியும். அதன் தழும்புதான் அடுத்தடுத்த கர்ப்பத்தில் பேசும். முன்பு ஒரு சிசேரியன் ஆனவருக்கு அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பவாயை மூடி உட்கார்ந்தால், அது தழும்புக்குள் வேர்விட்டுப் போகும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. இரண்டு சிசேரியன் ஆகியிருந்தால் பத்தில் நான்கு. அந்த ஆபரேஷனில் ரத்தம் ஆறாக ஓடும், பல நேரம் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிவரும். ஒரு பிள்ளை போதும் என்றால் உங்கள் கணக்கு வேறு. மூன்று வேண்டுமென்றால் முதல் கீறலுக்கு வலுவான காரணம் இருக்க வேண்டும்.

சென்னை: எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் ஆபரேஷன்தான். இந்தக் காலத்துப் பெண்களுக்கு உடம்பில் தெம்பு இல்லை என்கிறார் மாமியார். உண்மையா?

உங்கள் தெரு மட்டுமில்லை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியாரில் 63.8, அரசு மருத்துவமனையில் 36. ஒரே மாநிலத்துப் பெண்கள், ஒரே சோறு. அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் தெம்பு கூடிவிடுமா? சிக்கலானவர்களைப் பெரிய அரசு மருத்துவமனைகளுக்குத்தான் அனுப்புகிறோம், அப்படியும் அங்கே விகிதம் குறைவு. தெம்பு காரணமில்லை என்று மாமியாரிடம் சொல்லுங்கள்.

விழுப்புரம், 34 வாரம்: ஸ்கேனில் குழந்தையின் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். ஆபரேஷன்தானா?

இல்லை. பிறக்கும் குழந்தைகளில் நாலில் ஒன்றுக்குக் கொடி கழுத்தைச் சுற்றித்தான் இருக்கும். தலை வெளியே வந்ததும் விரலால் தளர்த்தி எடுத்துவிடுவோம். வலியின்போது இதயத் துடிப்பைக் கவனித்தால் போதும்.

தேனி: எனக்குக் கண்ணாடி பவர் மைனஸ் 7. முக்கினால் பார்வை போய்விடும் என்கிறார்கள்.

போகாது. கண்ணாடி பவர் சிசேரியனுக்குக் காரணமே இல்லை. விழித்திரையில் சந்தேகம் இருந்தால் கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அரியலூர்: என் உயரம் 4 அடி 10 அங்குலம். இடுப்பெலும்பு சிறியது, வலிக்கே விடவேண்டாம் என்கிறார்கள்.

உயரத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. இடுப்புக்கும் தலைக்கும் பொருந்துமா என்பது வலி வந்து தலை இறங்கும்போதுதான் தெரியும். தலை வளைந்து, சற்று நீண்டு, திரும்பி வழி தேடும். குள்ளமான அம்மாக்களுக்குப் பெரும்பாலும் குழந்தையும் சிறியதாகவே இருக்கும். முயன்று பார்க்கலாம், பக்கத்தில் ஆபரேஷன் தியேட்டர் இருக்கட்டும்.

கோவை, 36 வாரம்: குழந்தை உட்கார்ந்த நிலையில் இருக்கிறது, தலை திரும்பவில்லை.

இது நியாயமான காரணம். நிறைமாதத்தில் 100-க்கு 3 அல்லது 4 குழந்தைகள் இப்படி இருக்கும். முதல் பிரசவத்தில் இதற்குச் சிசேரியன்தான் பலரும் சொல்லும் வழி. ஆனால் அதற்கு முன், வயிற்றின் மேலிருந்தே கையால் குழந்தையைத் திருப்பும் முறை ஒன்று உண்டு. அதைச் செய்யும் மருத்துவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். உங்கள் வாரம் அதற்குச் சரியான நேரம். தேர்ந்த கையில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்பும், முதல் பிரசவத்தில் கொஞ்சம் குறைவு. வீட்டில் யாரையும் வயிற்றை நீவவிட வேண்டாம்.

தஞ்சாவூர்: சித்திரையில் தலைச்சன் பிறக்கக் கூடாது என்கிறார்கள். பங்குனிக்குள் எடுத்துவிடச் சொல்லி மாமனார் தேதி பார்த்துவிட்டார். அன்றைக்கு 37 வாரம் 2 நாள்தான் ஆகும்.

கூடாது. எந்த மாதமானாலும், காரணமில்லாமல் 39 வாரத்துக்கு முன் எடுக்கக் கூடாது.

வயிற்றுக்குள் குழந்தையின் நுரையீரலில் நீர் நிறைந்திருக்கும். வலி வரும்போது சுரக்கும் ஹார்மோன்கள்தான் அந்த நீரை உறிஞ்ச வைக்கும். வலியே இல்லாமல், அதுவும் 37 வாரத்தில் எடுத்தால் நீர் தங்கிவிடும். குழந்தை நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்கும், மூக்கு விடைக்கும், விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே குழியும், ஒவ்வொரு மூச்சுக்கும் முனகும். அது ஆக்ஸிஜனோடு ஒரு தளத்தில், நீங்கள் தையலோடு இன்னொரு தளத்தில். பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும். ஆனால் ஒரு மாதப் பெயருக்காக அந்தப் பிஞ்சு ஏன் இதைப் பட வேண்டும்? மாமனாரிடம் உங்கள் கணவரே பேசட்டும்.

மயிலாடுதுறை, ஜோதிடர்: ஜோதிடத்தைக் குறை சொல்லாதீர்கள் டாக்டர். ஆபரேஷன் என்று முடிவான பிறகு நல்ல நேரம் பார்ப்பதில் என்ன குற்றம்?

ஐயா, அதில் குற்றமே இல்லை. மருத்துவக் காரணம் இருக்கிறது, 39 வாரம் முடிந்தது, பகல் வேளை. இந்த மூன்றுக்குள் நீங்கள் எந்த ஓரை குறித்தாலும் நான் செய்து தருவேன், செய்தும் இருக்கிறேன். நேரத்துக்காக வாரத்தைக் குறைப்பதும், நடுச்சாமத்தில் செய்யச் சொல்வதும்தான் வேண்டாம் என்கிறேன்.

அதே ஜோதிடர்: பிரம்ம முகூர்த்தத்தில் எடுத்த எத்தனையோ குழந்தைகள் நன்றாகத்தானே இருக்கின்றன?

இருக்கின்றன. ரத்தப்போக்கு எல்லோருக்கும் வருவதில்லை. வருகிறவருக்குச் சில நிமிடங்களில் ரத்தம் வேண்டும், இன்னொரு அறுவை மருத்துவரின் கை வேண்டும், குழந்தை மருத்துவர் வேண்டும். சிறிய மருத்துவமனைகளில் காலை 4.30-க்கு இவர்கள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். அவசரம் என்றால் அந்த நேரத்திலும் செய்துதான் ஆக வேண்டும். அவசரம் இல்லாதபோது அந்த ஆபத்தை ஏன் விலைக்கு வாங்குவது?

சேலம், செவிலியர்: டாக்டர் சொல்வது சரி. நேரம் தவறிவிட்டது என்று தியேட்டர் வாசலில் உறவினர்கள் கத்துவதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே முதுகு ஊசி போடவே நேரமாகிக்கொண்டிருந்தது.

இதைத்தான் சொல்ல வந்தேன், நன்றி. முதுகெலும்புகளுக்கு நடுவே இடம் பார்த்துப் போடும் ஊசி அது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போடும் வேலையில்லை. பயந்த பெண் முதுகை வளைத்து உட்காரவே நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

காரைக்குடி: வயிற்றைக் கீறும் நேரமா, தலை தெரியும் நேரமா, எதைப் பிறந்த நேரமாக எழுதுவீர்கள்? இரண்டு நிமிடம் முன்பின் போட்டுத் தருவீர்களா?

குழந்தை முழுதாக வெளியே வந்த நேரம். சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வார், அதுதான் பதிவாகும். மாற்றி எழுத மாட்டேன். நல்ல நேரம் பற்றிய கேள்விகளுக்கு இதோடு பதில் போதும்.

நாகர்கோவில்: அக்காவுக்கு 8 மணி நேரம் வலி வந்தும் கர்ப்பவாய் 4 சென்டிமீட்டர்தான் திறந்தது, முன்னேற்றம் இல்லை என்று ஆபரேஷன் செய்தார்கள். எனக்கும் அப்படித்தான் ஆகுமா?

ஆக வேண்டியதில்லை. மணிக்கு 1 சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்ற கணக்கு 1950-களில் வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் அதைத் திருத்தியது. 5 சென்டிமீட்டருக்குப் பிறகுதான் தீவிர நிலை, அதற்கு முன் எவ்வளவு நேரமானாலும், தாயும் சேயும் நன்றாக இருந்தால், அது மட்டும் காரணமாகாது. தலைப்பிரசவத்தில் 5-லிருந்து முழுதாகத் திறக்க 12 மணி நேரம் வரை ஆகலாம். அக்கா விஷயத்தில் குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்ததா என்று எனக்குத் தெரியாது, அதனால் தீர்ப்பு சொல்ல மாட்டேன். உங்கள் முறை வரும்போது பொய்வலிக்கே போய்ப் படுத்துவிடாதீர்கள். வலி விட்டுவிட்டு, ஒழுங்கான இடைவெளியில், கூடிக்கொண்டே வந்து, வயிற்றில் கைவைத்தால் நெற்றியைப் போலக் கெட்டியாக இருந்தால் கிளம்புங்கள். தண்ணீர்க்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ வலிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கடலூர்: கொடி ஒரு சுற்று இருக்கிறது...

விழுப்புரம் சகோதரிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

ஈரோடு: எனக்குக் கொடி இரண்டு சுற்று.

அதே பதில்தான் அம்மா. எத்தனை சுற்று என்பதை வைத்துத் தேதி குறிப்பதில்லை.

மதுரை: 39 வாரம் ஆகிறது. வலி வர விளக்கெண்ணெய் குடிக்கச் சொல்கிறார் பாட்டி.

வேண்டாம். வயிற்றுப்போக்கும் வாந்தியும்தான் மிஞ்சும், பிரசவத்துக்கு வேண்டிய தெம்பு போய்விடும். வலியை வரவைக்க மருத்துவமனையில் பாதுகாப்பான வழிகள் உண்டு.

ராமநாதபுரம், 38 வாரம்: காலையிலிருந்து குழந்தை அசைவு குறைவாக இருக்கிறது. இப்படி இருந்தால் சுகப்பிரசவம் ஆகுமா?

பதிலைப் படித்து முடிக்கும்வரைகூட இருக்காதீர்கள், இப்போதே கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108. இனிப்பு சாப்பிட்டுப் பார்க்கிறேன், நாளை காலை பார்க்கலாம் என்பதெல்லாம் வேண்டாம். படிக்கும் மற்றவர்களுக்கும்தான்: வழக்கமான அசைவு குறைந்தால் அன்றே, அந்த வேளையே போக வேண்டும்.

வேலூர்: முதல் பிரசவம் சிசேரியன். இரண்டாவதை சுகப்பிரசவமாக முயலலாமா?

நாலில் மூன்று பேருக்கு முடியும். ஏறக்குறைய 200-ல் ஒருவருக்குத் வலியின்போது கர்ப்பப்பைத் தழும்பு பிரிந்துவிடும், அப்போது உடனே வயிற்றைத் திறக்கும் வசதி வேண்டும். அந்த வசதி இல்லாததால் பல மருத்துவமனைகள் முயலவே விடுவதில்லை. முதலாவது எப்படி என்பதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய டிஸ்சார்ஜ் சீட்டோடு பெரிய மருத்துவமனையில் காட்டுங்கள்.

திண்டுக்கல், கணவர்: பிரசவ அறைக்குள் நான் போக முடியுமா?

அரசு மருத்துவமனைகளில் பெண் துணை ஒருவரை அனுமதிப்பார்கள். கணவரை விடுவது மருத்துவமனையைப் பொறுத்தது தம்பி, முன்கூட்டியே கேளுங்கள். கூடவே ஒருவர் இருந்தால் சிசேரியன் குறைகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். யார் போவது என்பதை வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டாம், உங்கள் மனைவியே சொல்லட்டும். வலியில் அலறினாலும் பதறாமல், இடுப்பை அழுத்திவிட்டு, தண்ணீர் கொடுத்து, கையை விடாமல் நிற்கக்கூடியவராக இருக்க வேண்டும்.