ஒரே மாநிலம்தானே என்று நம்பி அனுப்பலாமா?

கேள்வி: என் மகளுக்குக் கனடாவில் தண்டர் பே என்ற ஊரில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. என் கொழுந்தனார் குடும்பம் டொரொன்டோவில், ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறது. இரண்டு ஊரும் ஒன்டாரியோ மாநிலம்தானே, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பி சித்தப்பா வீட்டுக்குப் போய்விடுவாள், அவசரம் என்றால் அவர் ஓடி வந்துவிடுவார் என்று என் கணவர் தைரியமாக இருக்கிறார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. குளிரும் பயமாக இருக்கிறது. பிரெஞ்சு வேறு படிக்க வேண்டுமாமே?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: அன்புச் சகோதரி, மகளைத் தாராளமாக அனுப்புங்கள். ஆனால் சித்தப்பாவை நம்பி அனுப்பாதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும், தூரம் விடாது.

தண்டர் பேயிலிருந்து டொரொன்டோவுக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்புகிற தூரம். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். வாரா வாரம் விமானம் ஏறுகிற மாணவி எங்கே இருக்கிறாள்?

ஒன்டாரியோ மாநிலம் தமிழ்நாட்டைப்போல எட்டு மடங்கு. இரண்டு ஊருக்கும் நடுவில் சுப்பீரியர் ஏரி கிடக்கிறது. பெயருக்குத்தான் ஏரி, இலங்கைத் தீவை அப்படியே உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். அதன் வட கரை முழுக்கப் பழம்பாறை. மேலே மெல்லிய மண், அதில் ஊசியிலைக் காடு, ஏர் ஓட்ட வழியில்லை. கனடாவின் பெரும்பகுதி இப்படி இருப்பதால்தான், உலகின் இரண்டாவது பெரிய நாட்டில் 4 கோடிப் பேர்தான் வாழ்கிறார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் அமெரிக்க எல்லையை ஒட்டிய ஒரு மெல்லிய பட்டையில். தண்டர் பே பக்கம் அந்தப் பட்டை இன்னும் மெலிந்து ஒற்றைச் சாலையாகிவிடுகிறது. 2016 ஜனவரியில் அந்தச் சாலையில், நிப்பிகன் ஆற்றின் மேல், திறந்து இரண்டு மாதம்கூட ஆகாத பாலத்தின் தளம் ஒரு பக்கம் மேலே தூக்கிக்கொண்டது. நாட்டின் கிழக்கும் மேற்கும் சாலை வழியாகத் துண்டாகிவிட்டன. சுற்றிப் போக வேண்டுமென்றால் அமெரிக்காவுக்குள் நுழைந்துதான் போக வேண்டும்!

சரி, இவ்வளவு தள்ளி ஒரு ஊர் எதற்கு? தண்ணீர்ப் பாதையால் வந்த ஊர் அது. 1800களின் தொடக்கத்தில் மான்ட்ரியால் வணிகர்களும் வடமேற்குக் காடுகளில் ஃபர் தோல் சேர்த்தவர்களும் கோடைதோறும் இங்கே படகுகளில் வந்து சரக்கை மாற்றிக்கொண்டார்கள். 1885இல் நாட்டின் குறுக்கே ரயில் பாதை முடிந்த பிறகு, மேற்குச் சமவெளியின் கோதுமை ரயிலில் வந்து இங்கே கப்பல் ஏறியது, இன்றும் ஏறுகிறது. (நம் மளிகைக் கடை மைசூர் பருப்பில் ஒரு பங்கு அந்தச் சமவெளியில் விளைந்ததுதான்.) ஃபோர்ட் வில்லியம், போர்ட் ஆர்தர் என்று போட்டி போட்டுக்கொண்டிருந்த இரண்டு ஊர்களை 1970இல் சேர்த்துத் தண்டர் பே ஆக்கினார்கள். காட்டு வேலைக்கு வந்த பின்லாந்துக்காரர்கள் நிறையப் பேர் அங்கேயே தங்கிவிட்டதால், சானா என்ற வெப்ப அறைக் குளியலும் பின்லாந்து பான்கேக்கும் அந்த ஊர்ச் சொத்து. மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். பல்கலைக்கழகம் இருக்கிறது, பெரிய மருத்துவமனை இருக்கிறது. ஸ்கார்பரோவில் கிடைக்கிற தமிழ்க் கடைகளை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொன்றையும் உங்கள் மகள் தெரிந்துகொண்டு போகட்டும். அது அனிஷினாபே என்ற பூர்வகுடி மக்களின் நிலம். வடக்கே அவர்களுடைய பல ஊர்களுக்குச் சாலையே கிடையாது. விமானம், இல்லையென்றால் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகள் மேல் போடுகிற பனிச்சாலை. உயர்நிலைப் பள்ளிக்காக அங்கிருந்து பிள்ளைகள் வீட்டை விட்டுத் தண்டர் பேக்கு வருகிறார்கள். 2000க்கும் 2011க்கும் இடையே அப்படி வந்த ஏழு பேர் இறந்துபோய், பெரிய விசாரணையே நடந்தது. அதற்கு முன்னால், பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்த கொடுமை வேறு; அதற்கு அரசு 2008இல் மன்னிப்புக் கேட்டது. இந்த வரலாறு தெரியாமல் போனால், கடைத்தெருவில் சிலர் பூர்வகுடிகளைப் பற்றி அலட்சியமாகப் பேசுவதை அவளும் நம்பிவிடுவாள்.

பிரெஞ்சு கியூபெக் மாநிலத்தில்தான் கட்டாயம்போல. தண்டர் பேயில் ஆங்கிலம் போதும்.

குளிரைச் சமாளித்துவிடலாம். மைனஸ் 20 அங்கே சாதாரணம். ராத்திரி கார் எஞ்சின் குளிரில் உறைந்துவிடாமல் இருக்க, அதற்கே மின்சார ஒயர் செருகிச் சூடாக வைப்பார்கள். கோட்டும் பூட்ஸும் கரூரில் வாங்காதீர்கள், அந்தப் பணத்தை அவள் கையில் கொடுங்கள், அங்கே போய் வாங்கட்டும். வாடகை கொஞ்சம் கூடினாலும் பல்கலைக்கழகத்துக்கு நேர் பஸ் இருக்கிற வீடாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்டாரியோவின் அரசு மருத்துவக் காப்பீடு வெளிநாட்டு மாணவர்களுக்குப் பொதுவாகக் கிடைக்காது, பல்கலைக்கழகம் தருகிற காப்பீட்டு அட்டை கைக்கு வந்ததா என்று முதல் மாதமே கேளுங்கள். அவசரத்துக்கு 911. அப்புறம், அதே ஊரில் உள்ள இரண்டு பேருடைய நம்பர் உங்களிடம் இருக்கட்டும்: ஒருவர் உடன் படிக்கிறவர், இன்னொருவர் அவள் வாடகைக்கு இருக்கிற வீட்டின் சொந்தக்காரர்.

சித்தப்பா வீட்டுக்கு டிசம்பர் விடுமுறையில் போகலாம். அதற்கு செப்டம்பரிலேயே டிக்கெட் பார்த்துவிடச் சொல்லுங்கள்.